தண்ணி ஓடுற இடம்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டே ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் பாடினீர்கள். அம்மா பாடக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு வந்தது. "தூ வெனே வூ, முசியே" என்று சரியாகத்தான் ஆரம்பித்தீர்கள். அடுத்த வரி வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்... ம்ம்ம்..." என்று மூக்கால் இழுத்தீர்கள். மறுபடி வாயைத் திறந்து "ஆன்த்ரே, ஆன்த்ரே" என்று முடித்தீர்கள்.

"நடுவுல ஏன்க்கா ம்ம்ம்?" என்று சின்னவன் கேட்டான்.

"அந்தப் பாட்டே அப்படித்தான்டா" என்று பெரியவள் சொல்லிவிட்டாள்.

அந்தப் பாட்டு அப்படி இல்லை கண்ணுகளா. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஹட் பேயில் எட்டாவது வரை படித்தேன். அதற்கப்புறம் இந்தக் கை பிடித்ததெல்லாம் வெல்டிங் ஹோல்டர்தான். தப்பு இருந்தால் அம்மா திருத்துவாள்.

அந்த "ம்ம்ம்" ஒரு மனிதருடையது. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் எங்கள் வெல்டிங் பட்டறையை ஒட்டித் தள்ளுவண்டி போட்டிருந்தார். பரோட்டா, கொத்து பரோட்டா, ஆம்லெட். பேர் கேட்டால், "பேர வெச்சு என்ன பண்ணப் போற? எத்தன பரோட்டா, அதச் சொல்லு" என்பார். எந்நேரமும் இந்தப் பாட்டு வாயில் இருந்ததால் தெருவே அவரை முசியே என்று கூப்பிட்டது. பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். மீன் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் கூடை இறக்கும் வங்காளிகள்கூட "ஓ முசியே, தோ பிளேட்" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அவரும் அதற்குத்தான் திரும்புவார்.

நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. கை மட்டும் அந்த உடம்புக்குச் சேராது. மணிக்கட்டுக்குக் கீழே தோல் வெளுத்து, சுருங்கி, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கும். அவர் கழுவிய தட்டைப்போல எந்தத் தள்ளுவண்டியிலும் நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி கழுவுவார். சாப்பிட வந்தவன் தட்டுக்காக நிற்பான்.

"அரே முசியே, தட்டைத் தேய்த்து ஓட்டை போடாதே" என்று இந்தியில் கத்துவார் மீன் விற்கும் தாதா. தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். எங்களுக்கு அவர் பேரும் அதுதான்.

முசியேவுக்கு ஊர் காரைக்கால். சுனாமிக்குப் பிறகு இங்கே அந்தமானில் வீடு கட்ட கான்ட்ராக்டர்கள் மெயின்லேண்டிலிருந்து ஆள் ஆளாகக் கூட்டி வந்தார்களே, அப்படி ஒரு கூட்டத்துக்குச் சமையல்காரராக வந்தவர். வேலை முடிந்து மற்றவர்கள் கப்பல் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. அதற்கு முன்னால் பிரான்ஸில் இருந்தார் என்பதே வெகுநாள் எங்களுக்குத் தெரியாது. பிரான்ஸுக்குப் போனவன் காரைக்காலுக்குத் திரும்பினால் வீடு கட்டுவான், தங்கச்சிக்கு நகை போடுவான். இவரைப் பேப்பர் சரியில்லை என்று பிடித்து விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு பை.

"ஊர்ல ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான் தம்பி, கையப் பாப்பான்" என்று ஒருநாள் சொன்னார். "இந்த ஊரு தேவல. இங்க எல்லாரும் எங்கேர்ந்தோ வந்தவன். யாரும் கேக்கிறதில்ல."

இதற்குள் உங்கள் அத்தை எப்படி வந்தாள் என்று சொல்கிறேன்.

கடல் வந்த அன்றைக்கு நாங்கள் தெற்கே ஹட் பேயில் இருந்தோம். தாத்தா பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்த நாளைப் பற்றி அத்தை பேச மாட்டாள். நானும் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். தண்ணீர் வடிந்த பிறகு அவள் காலுக்குக் கிடைத்தது யாரோ ஒரு ஆம்பளையின் ஷூ. கடலில் ஊறிக் காய்ந்து, உள்ளேயெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் போர்ட் பிளேர் கப்பலில் ஏறினாள். தகரக் கேம்பிலும் அதுதான். வேறு வாங்கிக் கொடுத்த பிறகும் கொஞ்ச நாள் அதையே தேடினாள்.

நாலைந்து வருஷம் கழித்து அவளுக்குக் காரைக்காலிலிருந்து சம்பந்தம் வந்தது. மாமா குடும்பத்துக்கு அவருடைய தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர். மாமாவுக்குப் பாரிஸ் பக்கம் ஒரு குடோனில் வேலை. கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அவர் திரும்பிப் போய்விட்டார். அத்தை பின்னாலேயே போக வேண்டியது. அங்கேதான் முடிச்சு. போகிற பெண் கொஞ்சமாவது பிரெஞ்சு பேச வேண்டும், மெயின்லேண்டில் ஒரு ஆபீஸில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால்தான் விசா என்றார்கள்.

மாமாவின் அம்மா போனில் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "காட்டுக்குள்ள வளந்த பொண்ணு. அதுக்கு பிரெஞ்சு எங்கேர்ந்து வரப் போவுது? நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்."

அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் நேரே தள்ளுவண்டிக்குப் போனாள். நான் பட்டறை வாசலில் கிரில் ஒன்றை ராவிக்கொண்டிருந்தேன்.

"முசியேண்ணே, எனக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுங்க."

அவர் மாவைப் பிசைந்துகொண்டே, "நான் வாத்தியார் இல்லம்மா" என்றார்.

"பேசத் தெரியும்ல?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. நாள் பூரா பாடுறீங்க."

"பாடத்தான் தெரியும்."

"அப்ப பாடியே சொல்லிக் குடுங்க. எனக்கு வேற யாரு இருக்கா இந்த ஊர்ல?"

அவர் சும்மா சொல்கிறார், ரொம்பத்தான் அடக்கம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

பாடம் நடந்த விதம் கேளுங்கள். கொத்து பரோட்டா போடும் இரண்டு கரண்டிதான் தாளம். கல்லில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, முட்டையை உடைத்து, "டக் டக் டடக் டக்" என்று ஆரம்பிப்பார். ஒரு அசைக்கு ஒரு கொத்து. அவர் ஒரு வரி, அத்தை ஒரு வரி. அத்தை சரியாகச் சொன்னால் கரண்டி ஓடும். தப்பாகச் சொன்னால் இரண்டு கரண்டியும் அந்தரத்தில் நிற்கும். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். அவருக்கே சொல்லத் தெரியாது. "மொதல்லேர்ந்து" என்பார். கல்லில் இருப்பதை மறுபடி கூட்டிக் குவித்து மறுபடி கொத்துவார்.

ஆரம்பத்தில் அத்தை நிறையத் தப்பு விட்டாள். கல்லில் இருந்ததெல்லாம் தூளாய்ப் போயிற்று. தாதா தட்டைப் பார்த்துவிட்டு, "முசியே, யே பரோட்டா ஹை யா சூஜி?" என்று கேட்டார். பரோட்டாவா, ரவையா என்று. சிரித்த சிரிப்பில் அத்தைக்குப் புரை ஏறியது. முசியே சிரிக்காமல், "அந்தத் தங்கச்சி பாஸாவுற வரைக்கும் உனக்கு சூஜிதான்" என்றார். தாதாவும் விடவில்லை. கொஞ்ச நாளில் அவரே கூடையில் தாளம் போட்டு "தூ வெனே வூ" பாட ஆரம்பித்தார். மீன் வாங்க வந்த பஞ்சாபி அம்மாள் ஒருத்தி இது என்ன மீன் பேர் என்று கேட்டாளாம்.

காலை வணக்கம் சொல்லும் பாட்டு, ரொட்டிக் கடைப் பாட்டு, ரயிலடியில் நின்று அழும் பாட்டு என்று ஏழெட்டுப் பாட்டு அத்தைக்கு வந்துவிட்டது. அர்த்தம் கேட்டால் வரிக்கு வரி சொல்ல மாட்டார். மொத்தமாக ஒரு கதையாகச் சொல்வார். அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் பெரும்பாலும் பாட்டு வழியாகத் தெரிந்ததுதான்.

"அந்த ஊர்ல எப்பப் பாரு யாரோ ஒருத்தர் ஸ்டேஷன்ல நிக்கிறாங்கம்மா. இல்லன்னா மழை பெய்யும். மழை இல்லன்னா காப்பி ஆறிப்போவும்."

"நல்லா இருக்கறவங்களே கிடையாதாண்ணே?"

"இருப்பாங்க. அவங்க எதுக்குப் பாடப் போறாங்க?"

இதற்கிடையில் பாட்டில் இல்லாததையும் ஒன்றிரண்டு சொல்வார். "கடைக்குள்ள நொழஞ்சதும் போன்ஷூர் சொல்லிடணும். சொல்லாம சாமான் பேரச் சொன்ன, அவ்வளவுதான், நீ ஒரு ஆளே இல்ல அவங்களுக்கு. இது பாட்டுல வராது. நான் பட்டது."

எல்லாப் பாட்டிலும் ஓர் இடத்தில் அவர் "ம்ம்ம்" என்று முனகுவார். சிலதில் ஒரு வார்த்தை, சிலதில் ஒரு வரி. அத்தையும் அப்படியே முனகினாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"இந்த எடத்துல என்னண்ணே வரும்?"

"அங்க தண்ணி ஓடும்."

வீட்டில் வந்து அத்தை இதைச் சொன்னபோது உங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டுக்குள்ள எப்படிடி தண்ணி ஓடும்?" அதிலிருந்து எங்கள் வீட்டில் மறந்துபோன எதற்கும் அதுதான் பேச்சு. உப்பு வாங்க மறந்தாயா? அங்கே தண்ணி ஓடிச்சு.

பிறகு ஒரு மழை நாள். தெருவில் ஆள் இல்லை. முசியே வண்டியைத் தள்ளிப் பட்டறைத் தகரத்துக்கு அடியில் வைத்திருந்தார். அத்தை, நான், அவர் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் அவராகச் சொன்னார்.

பிரான்ஸில் அவருக்கு ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அதே தொட்டி, அதே குழாய். பெரிய சமையல்காரர் சாயங்காலம் அடுப்பு பற்றவைத்ததும் ஒரு கேசட் போடுவார். தினமும் அதே கேசட். அதே வரிசையில் பாட்டு. சாப்பிட ஆள் வரவர எச்சில் தட்டு வரும். தட்டு வந்தால் குழாயைத் திறந்தாக வேண்டும். அங்கே எல்லாம் மணி அடித்த மாதிரி நடக்குமாம். அதனால் தினமும் பாட்டின் அதே இடங்களில் தண்ணீர் ஓடியது. மூடினால் மறுபடி பாட்டுக் கேட்கும்.

"ஒரு நாளு தண்ணி நின்னுபோச்சு" என்றார். "இன்னிக்கு முழுசாக் கேட்டுடலாம்னு காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். தண்ணி இல்லன்னு அன்னிக்கு ஹோட்டலயே மூடிட்டாங்க."

"யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமேண்ணே, நடுவுல என்ன வரும்னு?"

"எங்கிட்ட யாரு பேசினா?" கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சீக்கிரம்னு ஒரு வார்த்த சொல்வாங்க. சூடுன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். ரூம்ல எல்லாம் நம்ம ஆளுங்க, தமிழ்தான். அந்த ஊரு பாஷைய எங்கிட்ட பேசினது அந்தக் கேசட்டு ஒண்ணுதான்."

மழை தகரத்தில் பலமாக அடித்தது. பிறகு அவரே, "மத்த பாட்டுலாம் போவட்டும்" என்றார். "இந்த ஒண்ணுதான்."

இந்தப் பாட்டின் கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். ராத்திரி. மழை. ஒருவன் வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்து ஒரு அம்மாள் கேட்கிறாள்: தூ வெனே வூ, முசியே? எங்கிருந்து வருகிறீர்கள் ஐயா? அவன் ஏதோ பதில் சொல்கிறான். உடனே அந்த அம்மாள் கதவைத் திறந்துவிடுகிறாள். ஆன்த்ரே, ஆன்த்ரே. உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள், சூப் சூடாக இருக்கிறது.

"அவன் சொன்ன பதிலு மட்டும் என் காதுல விழல. பாரேன் தங்கச்சி. நானும் எத்தனையோ ஆபீசு வாசல்ல நின்னிருக்கேன். எல்லாரும் அதையேதான் கேட்டாங்க, எங்கேர்ந்து வரேன்னு. நானும் இதச் சொல்லிப் பாத்தேன், அதச் சொல்லிப் பாத்தேன். ஒருத்தரும் ஆன்த்ரேன்னு சொல்லல. இவன் என்னத்தச் சொன்னான்? அப்படி என்னத்தச் சொன்னா கதவு தொறக்குது?"

அத்தை அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "நாமளே ஏதாவது போட்டுக்கலாம்ணே" என்றாள். "காரைக்கால்லேர்ந்து வரேன்னு போடுங்க. இல்ல நான் அந்தமான்லேர்ந்து வரேன்னு போடுறேன். தாளத்துக்கு ஒக்காரும்."

அவர் முகம் மாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"வேணாம். அது அவன் சொன்ன பதிலு. நமக்குத் தெரியாதத நாம போடக் கூடாது. தப்பாச் சொன்னா தொறக்க மாட்டாங்க. தெரியாத எடத்துல வாய மூடிக்கணும்."

அத்தையும் கேட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு முனகியே பழகினாள். அவளுக்கு அது பாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

பரீட்சைக்கு அவளைக் கப்பலில் கூட்டிப்போனேன். கப்பல் ஜெட்டிக்கு முசியே வந்தார். நியூஸ் பேப்பரில் கட்டிய பரோட்டாப் பொட்டலம் கொடுத்தார். "நொழஞ்சதும் போன்ஷூர். மறக்காத" என்றார். தாதா ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார், கேள்வி கேட்கிற ஆபீஸருக்கு என்று. அதை நாங்கள் கொண்டுபோகவில்லை.

ஆபீஸுக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னதுதான். மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மாள். அத்தை நுழைந்ததும் போன்ஷூர் சொன்னாள். அந்த அம்மாள் முகம் மலர்ந்து உட்காரச் சொன்னாராம். சந்தோஷமாக ஏதோ பேசினாராம். பிறகு பேப்பரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நிதானமாகக் கேட்டார். "தூ வெனே வூ, மதாம்?"

பாட்டில் வரும் அதே கேள்வி. முசியே இருந்த இடத்தில் மதாம். அத்தைக்கு நெஞ்சு துள்ளியதாம். ஊர் பேர் தெரியாதவளா அவள்? அந்தமான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் அவள் வாயில் பழகியிருந்தது ஒன்றுதான். வாய் தானாக மூடிக்கொண்டது.

"ம்ம்ம்... ம்ம்ம்..." என்றாள். ராகத்தோடு.

அந்த அம்மாள் மறுபடி கேட்டார். அத்தை மறுபடி முனகினாள். மூன்றாவது தடவை முனகவும் வரவில்லை. அதற்குமேல் கேட்ட எதுவும் காதில் ஏறவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வரட்டும், வகுப்பு இருக்கிறது, சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை காரைக்காலில் மாமியார் வீட்டில் தங்கி வகுப்புக்குப் போனாள். நான் மட்டும் கப்பல் ஏறினேன்.

நான் திரும்பி வந்த சாயங்காலம் அத்தை எனக்குப் போன் போட்டாள். நான் வண்டி அருகில்தான் நின்றிருந்தேன். முசியே சைகையில் போனைக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"என்ன தங்கச்சி, பாஸா?"

அத்தை சிரித்தாள். அவளுக்கு அதற்குள் அது சிரிப்பாகத்தான் ஆகியிருந்தது. "எங்கண்ணே! நம்ம பாட்டையே கேட்டுட்டாங்க. தூ வெனே வூன்னு. நானும் உங்கள மாதிரியே ம்ம்ம்னு முனகிட்டேன்!"

தாதா தொடையில் அடித்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முசியே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துலயா?" என்றார்.

"அந்த எடத்துலதாண்ணே. அது போவட்டும், இங்க கிளாஸ்ல சேத்துட்டாங்க. ரெண்டு மாசம். பாஸாயிடுவேன். நீங்க கவலப்படாதீங்க. இங்க எல்லாம் பேசிப் பேசித்தான் சொல்லித் தராங்க, எனக்கு அலுப்பா இருக்கு. கரண்டி சத்தம் இல்லாம ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

"நல்லாப் படிம்மா" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார்.

அன்றைக்கு வீசிய பரோட்டாவும் கொத்திய பரோட்டாவும் வழக்கம்போல்தான் இருந்தன. தாளம் இல்லை. கரண்டி வெறும் இரும்பாக விழுந்தது. தாதா கூடையில் தட்டி எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். முசியே பாடவில்லை. மறுநாளும் பாடவில்லை. தாதா என்னிடம் வந்து, "அவனுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் பட்டறை பூட்டும் நேரம் முசியே என்னிடம் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"தங்கச்சி ஏதாவது போட்டுக்கிறேன்னுதான் சொல்லிச்சு தம்பி. அந்தமான்னு போடுறேன்னு சொல்லிச்சு. நான்தான் விடல."

"விடுங்க முசியே. அவ பாஸாயிடுவா. அவளே சிரிக்கிறா."

"சிரிக்கும். நல்ல பொண்ணு." கொஞ்சம் நின்று, "வாசல்ல நின்னவனுக்கு வாசல் மட்டுந்தான் தெரியும். உள்ள போறதுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்க முடியும்?" என்றார்.

நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். அத்தைக்கு போன்ஷூர் சொல்லிக் கொடுத்தது நீங்கள், அந்த அம்மாள் அதற்கு முகம் மலர்ந்தார் என்றேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் வண்டி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கல்லும் கரண்டியும் தட்டுகளும் தாதாவின் மீன் கொட்டகையில் இருந்தன. விற்றுவிட்டுப் போனாரா, வைத்துவிட்டுப் போனாரா என்று தாதாவுக்கே தெரியவில்லை. தட்டுகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன.

தெற்குக் கோடியில் கேம்ப்பெல் பேயில் ரோடு போடுகிறவர்களுக்குச் சமைக்கிறார் என்றார் ஒருவர். கமோர்ட்டா தீவுக்குப் போகும் கப்பலில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். இங்கே அபர்டீன் பஜாரில் கான்ட்ராக்டர்கள் உட்காரும் டீக்கடைகளில் நான் விசாரித்திருக்கிறேன். பேர் என்ன என்று கேட்பார்கள். என்ன சொல்வது? நடுவில் முனகுகிறவர் என்றா சொல்வது?

அத்தை பாஸானாள், போனாள். அங்கேயே மாமாவுக்கும் அவளுக்கும் பையன் பிறந்தான். அவன்தான் நீங்கள் போனில் சண்டை போடுகிறவன். எங்கள் வீட்டில் அம்மா மட்டும் இந்தப் பாட்டை விடவில்லை. முனகலோடு பாடினாள். அதுதான் உங்கள் வரைக்கும் வந்தது.

போன மாதம் அத்தை போன் செய்தாள். வழக்கமாகப் பேசும் நாள் இல்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணே, நான் தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன். இவன் ஸ்கூல்லேர்ந்து வந்து பின்னாடி நின்னு பாடுறான். ஸ்கூல்ல டீச்சர் சொல்லிக் குடுத்துச்சாம். பழைய பாட்டாம். அங்க சின்னப் புள்ளைங்களுக்கு பாஷையே பாட்டுலதான் சொல்லிக் குடுக்கறாங்க. தூ வெனே வூன்னு ஆரம்பிச்சான். அப்பறம் தண்ணி சத்தத்துல கேக்கல."

"அப்புறம்?"

"கொழாய மூடினேண்ணே."

 பிறகு பையனைக் கூப்பிட்டாள். அவன் போனில் பாடினான். எனக்காக அத்தை ஒவ்வொரு அசையாகச் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். எழுத்து சரியா என்று அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்:

ஜ வியேன் த லா மேர், மதாம்,
ஜே த்யூ செல் தான் மே சூலியே.

கடலிலிருந்து வருகிறேன் அம்மா. என் ஷூவுக்குள் உப்பு இருக்கிறது.

அவ்வளவுதான். அவன் சொன்னது அவ்வளவுதான். அந்த அம்மாள் கதவைத் திறந்துவிடுகிறாள்.

"முசியேண்ணனக் கண்டுபுடிண்ணே" என்றாள் அத்தை. "எப்படியாவது கண்டுபுடி. இதச் சொல்லணும்." அந்தப் பழைய ஷூவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் வளர்ந்து என்னை விட நிறைய ஊர் பார்ப்பீர்கள். கப்பலிலோ கேண்டீனிலோ ரோட்டோரத்திலோ, கை வெளுத்த ஒருவர் தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தால் அருகில் போய் நில்லுங்கள். முதலில் போன்ஷூர் சொல்லுங்கள், அது முக்கியம். பிறகு குழாயை மூடச் சொல்லிவிட்டு இந்தப் பாட்டைப் பாடுங்கள். அந்த இடம் வரும்போது அவர் வாயை மூடிக்கொள்வார். நீங்கள் மூடாதீர்கள்.